குடியரசுத் தலைவரின் பத்திரிகைச் செயலாளர் (இந்தியா)

குடியரசுத் தலைவரின் பத்திரிகைச் செயலாளர் என்பவர், இந்தியக் குடியரசுத் தலைவரின் பணிகள், உரைகள், பயணங்கள், முடிவுகள் ஆகியவை பற்றிய செய்திகளை ஊடகங்களுக்கும் மக்களுக்கும் தெரிவிக்கும் பொறுப்புள்ள அலுவலர் ஆவார். இவர் புது தில்லி குடியரசுத் தலைவர் மாளிகையில் உள்ள குடியரசுத் தலைவர் செயலகத்தில் பணியாற்றுகிறார். இப்பதவி இந்திய அரசமைப்புச் சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை. இது நிர்வாக வசதிக்காக ஏற்படுத்தப்பட்ட பதவியாகும்.

பதவி சிறியதாகத் தோன்றினாலும், இதையும் இதைப் போன்ற பிற பதவிகளையும் சுற்றி அரசியல் கட்சிகளிடையே பலமுறை வாதங்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக ஒரு கேள்வி உண்டு: இவர் பேசுவது பதவியின் குரலா, அல்லது அப்பதவியில் அமர்ந்திருக்கும் ஆளின் குரலா? பதவியின் குரல் என்றால் ஆள் மாறினாலும் இவர் நீடிக்கலாம். ஆளின் குரல் என்றால் அவரோடு இவரும் போக வேண்டும். இந்தியாவில் இரண்டு வழக்கங்களும் கலந்தே உள்ளன. இக்கட்டுரை குடியரசுத் தலைவரின் பத்திரிகைச் செயலாளரைப் பற்றியும், ஒப்பீட்டுக்காகப் பிரதமர் அலுவலகம், தமிழ்நாடு, இலங்கை, அமெரிக்கா ஆகிய இடங்களில் உள்ள இதே வகைப் பொறுப்புகளைப் பற்றியும் விளக்குகிறது.

பணிகள்

பத்திரிகைச் செயலாளரின் அன்றாட வேலைகளில் முதன்மையானது செய்திக்குறிப்பு வெளியிடுவதாகும். குடியரசுத் தலைவரைச் சந்தித்தவர்கள், அவர் கலந்துகொண்ட விழாக்கள், வெளிநாட்டுப் பயணங்கள், இரங்கல் செய்திகள், பண்டிகை வாழ்த்துகள் ஆகியவை இவ்வாறு வெளியாகின்றன. இவை பத்திரிகை தகவல் அலுவலகத்தின் வழியாகத் தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் கிடைக்கின்றன. தவறான செய்தி பரவினால் மறுப்பு வெளியிடுவதும், பயணங்களில் உடன் வரும் செய்தியாளர்களுக்கு ஏற்பாடு செய்வதும், மாளிகையின் சமூக ஊடகக் கணக்குகளைக் கவனிப்பதும் இப்பொறுப்பில் அடங்கும்.

குடியரசுத் தலைவரின் உரைகளில் இருவகை உண்டு. இவற்றின் வேறுபாட்டை அறிந்தால் பத்திரிகைச் செயலாளரின் நிலையும் விளங்கும்.

முதலாவது, நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் ஆற்றும் உரை. பொதுத்தேர்தலுக்குப் பிந்தைய முதல் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் அரசமைப்பின் 87-ஆம் பிரிவின்படி இவ்வுரை நிகழ்கிறது. இதை அமைச்சரவையே தயாரிக்கிறது. "எனது அரசு" என்று குடியரசுத் தலைவர் படித்தாலும், அது ஆளும் கட்சியின் கொள்கை அறிக்கையே.

இரண்டாவது, குடியரசு நாளுக்கும் விடுதலை நாளுக்கும் முந்தைய மாலைகளில், அதாவது சனவரி 25, ஆகத்து 14 ஆகிய நாட்களில், நாட்டு மக்களுக்கு ஆற்றும் உரை. இதில் குடியரசுத் தலைவரின் சொந்தப் பார்வைக்கு அதிக இடம் உண்டு. கே. ஆர். நாராயணன் 1998-ஆம் ஆண்டு ஆகத்து 14 அன்று வழக்கமான உரைக்குப் பதிலாக, இதழாளர் என். ராம் அவர்களுடன் நடத்திய உரையாடலை ஒளிபரப்பச் செய்தார். குடியரசுத் தலைவர் பெயரளவில் இருப்பவரும் அல்லர், ஆட்சி நடத்துபவரும் அல்லர், பணியாற்றும் குடியரசுத் தலைவர் என்பதே அவரது கருத்தாக இருந்தது.

அமெரிக்க வெள்ளை மாளிகையில் நடப்பதுபோல் செய்தியாளர்களை அடிக்கடி கூட்டிக் கேள்வி பதில் நடத்தும் வழக்கம் இந்தியக் குடியரசுத் தலைவர் மாளிகையில் இல்லை. காரணம் அரசமைப்பிலேயே உள்ளது.

அரசமைப்பு வரம்பு

இந்தியக் குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவர்; ஆட்சியின் தலைவர் பிரதமர். 74-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டும். 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தம் இதை ஐயத்துக்கு இடமின்றி எழுதியது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தம், ஓர் அறிவுரையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. திரும்பவும் அதே அறிவுரை வந்தால் ஏற்றே ஆக வேண்டும்.

78-ஆம் பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது. அமைச்சரவையின் முடிவுகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவிப்பதும், அவர் கேட்கும் தகவல்களைக் கொடுப்பதும் பிரதமரின் கடமையாகும்.

இந்த இரு பிரிவுகளுக்கும் இடையில்தான் பத்திரிகைச் செயலாளர் நிற்கிறார். அரசின் கொள்கையை ஆதரித்து வாதிட வேண்டியது அவர் வேலையன்று. அதற்கு அமைச்சர்கள் உள்ளனர். அரசைக் குறைகூறவும் அவரால் இயலாது. குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டால், அது கடிதத்தில் இருக்க வேண்டுமே அன்றி, செய்திக்குறிப்பில் இருக்கக் கூடாது என்பதே மரபு. ஆகவே, இப்பதவியில் திறமை என்பது பல நேரங்களில் பேசாமல் இருப்பதைக் குறிக்கிறது.

நியமனமும் மாற்றமும்

குடியரசுத் தலைவரின் செயலாளர், பத்திரிகைச் செயலாளர் போன்ற உயர் அலுவலர்களின் நியமனத்துக்குப் பிரதமர் தலைமையிலான அமைச்சரவை நியமனக் குழு ஒப்புதல் அளிக்கிறது. தம்மிடம் பணியாற்றுபவர் பற்றிக் குடியரசுத் தலைவரின் விருப்பம் கருத்தில் கொள்ளப்பட்டாலும், ஆணை அரசிடமிருந்தே வருகிறது. பிரதமரின் நண்பரா, குடியரசுத் தலைவரின் நம்பிக்கைக்கு உரியவரா என்ற கேள்வி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பதவிக்கு மூன்று வகையினர் வந்துள்ளனர்.

முதல் வகையினர் அரசின் தகவல் பணிகளில் பழகியவர்கள். ஏ. பி. ஜெ. அப்துல் கலாமிடம் 2002 முதல் 2007 வரை பத்திரிகைச் செயலாளராக இருந்த எஸ். எம். கான், இந்தியத் தகவல் பணி அலுவலர். அதற்கு முன் மத்தியப் புலனாய்வுத் துறையின் செய்தித் தொடர்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பிரதிபா பாட்டீலிடம் பணியாற்றிய அர்ச்சனா தத்தாவும் இப்பணியைச் சேர்ந்தவரே. செயில் சிங்கிடம் 1983 முதல் 1987 வரை இப்பொறுப்பில் இருந்த தர்லோசன் சிங், பஞ்சாப் மாநில மக்கள் தொடர்புப் பணியில் இருந்து வந்தவர்.

இரண்டாம் வகையினர் அயலுறவுப் பணி அலுவலர்கள். பிரணாப் முகர்ஜியிடம் 2012 முதல் 2017 வரை இருந்த வேணு ராஜாமணி இவ்வகையினர். பின்னர் அவர் நெதர்லாந்துக்கான இந்தியத் தூதராகச் சென்றார்.

மூன்றாம் வகையினர் வெளியிலிருந்து வரும் இதழாளர்கள். 2017-இல் ராம்நாத் கோவிந்த் பதவியேற்றபோது, கட்டுரையாளர் அசோக் மாலிக் நியமிக்கப்பட்டார். 2019-இல் அவர் வெளியுறவு அமைச்சகத்தில் கொள்கை ஆலோசகராகச் சென்றபின், இதழாளர் அஜய் குமார் சிங் வந்தார். 2022-இல் திரௌபதி முர்மு குடியரசுத் தலைவரான பின்னும் அவர் தொடர்ந்தார்.

பணி அலுவலர் என்றால், குடியரசுத் தலைவரின் ஐந்தாண்டுக் காலம் முடிந்ததும் தம் துறைக்குத் திரும்பிவிடுவார். எஸ். எம். கான் அவ்வாறே திரும்பி, பின்னர் தூர்தர்சன் செய்திப் பிரிவின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். வெளியிலிருந்து வருபவருக்குத் திரும்பிச் செல்லத் துறை கிடையாது. அவர் வேலை, நியமித்தவரின் காலத்தோடு முடியும் வகையிலோ, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தமாகவோ அமைகிறது. முதலாமவர் பழக்கத்தால் எச்சரிக்கையாகப் பேசுவார். இரண்டாமவரிடம் எழுத்தும் தொடர்பும் வலுவாக இருக்கும். முதலாமவர் மீது "அதிகாரி மனப்பான்மை" என்ற குறையும், இரண்டாமவர் மீது "கட்சிச் சார்பு" என்ற குறையும் சொல்லப்படுவது வழக்கம்.

1987: செயில் சிங் - ராஜீவ் காந்தி பிணக்கு

குடியரசுத் தலைவர் மாளிகையின் குரல் கட்சி அரசியலுக்குள் இழுக்கப்பட்டதற்குப் பெரிய எடுத்துக்காட்டு 1987-இல் நிகழ்ந்தது. குடியரசுத் தலைவர் செயில் சிங்குக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் இடையே உறவு கெட்டிருந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் சட்டத் திருத்த முன்வரைவுக்குச் செயில் சிங் ஒப்புதல் அளிக்காமல் வைத்திருந்தார். அது தனியார் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் முன்வரைவு.

முக்கிய செய்திகளைக் குடியரசுத் தலைவருக்குத் தெரிவித்தே வருவதாகப் பிரதமர் தரப்பு கூறியது. அப்படித் தெரிவிக்கப்படவில்லை என்று செயில் சிங் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 78-ஆம் பிரிவு பற்றிய அக்கடிதம் 1987 மார்ச் 13 அன்று இந்தியன் எக்ஸ்பிரசு நாளிதழில் வெளியானது. இதையொட்டி, அந்நாளிதழில் எழுதிவந்த சென்னையைச் சேர்ந்த கணக்காய்வாளர் எஸ். குருமூர்த்தி கைது செய்யப்பட்டார்.

இங்குக் கவனிக்க வேண்டியது, செய்தி எவ்வழியாக வந்தது என்பதாகும். மாளிகையிலிருந்து செய்திக்குறிப்பு வந்திருந்தால், அது குடியரசுத் தலைவரின் அதிகாரபூர்வ நிலைப்பாடாகி இருக்கும். அவரும் அதற்குப் பொறுப்பேற்றிருப்பார். கடிதம் கசிந்ததால், யார் எழுதிக் கொடுத்தது, யார் வெளியே கொடுத்தது, யாருக்கு இலாபம் என்பதே பேச்சாயிற்று. 78-ஆம் பிரிவின்படி பிரதமர் கடமை தவறினாரா என்ற உண்மையான கேள்வி பின்னுக்குப் போனது. பிரதமரைக் குடியரசுத் தலைவர் நீக்கலாமா என்ற வாதம் கட்சிகளிடையே சில மாதங்கள் ஓடி, 1987 சூலையில் செயில் சிங்கின் பதவிக்காலம் முடிந்ததோடு அடங்கியது.

தர்லோசன் சிங் பின்னர் தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்தின் தலைவராகவும், 2004 முதல் 2010 வரை அரியானாவிலிருந்து மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். செயில் சிங் காலத்து நிகழ்வுகளைப் பற்றிப் பதவியை விட்டு நெடுநாள் கழித்தும் அவர் பேசியுள்ளார்.

2004-2006: கலாம் காலத்து இரு நிகழ்வுகள்

2004 மே மாதத் தேர்தலில் காங்கிரசுக் கூட்டணி வென்றபின் சோனியா காந்தி பிரதமர் பொறுப்பை ஏற்க மறுத்தார். மன்மோகன் சிங் மே 22 அன்று பதவியேற்றார். சோனியா காந்தியைப் பதவியேற்க அழைப்பதற்குக் கலாமே தடை எழுப்பினார் என்று எதிர்த்தரப்பினர் சிலர் பல ஆண்டுகள் கூறிவந்தனர். 2012-இல் வெளியான "டர்னிங் பாயின்ட்ஸ்" என்ற நூலில் கலாம் இதற்கு விடை தந்தார். சோனியா காந்தியை நியமிப்பதற்கான கடிதம் ஆயத்தமாகவே இருந்தது என்றும், அவர் மன்மோகன் சிங்கின் பெயரைச் சொன்ன பின்னர் செயலகம் அக்கடிதத்தை மாற்றி எழுத வேண்டியதாயிற்று என்றும் அவர் குறிப்பிட்டார். நிகழ்வுக்கும் விளக்கத்துக்கும் இடையே எட்டாண்டுகள் கடந்திருந்தன.

இரண்டாவது, பீகார் சட்டமன்றக் கலைப்பு. 2005 மே மாதம் கலாம் மாசுகோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் அமைச்சரவைப் பரிந்துரை அங்கு அனுப்பப்பட்டது. அவர் அங்கிருந்தே கையெழுத்திட்டார். அக்கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் ஆணையிட்டு, 2006 சனவரியில் விரிவான தீர்ப்பை வழங்கியது. அதன்பின் பதவி விலகக் கடிதம் எழுதியதையும், பிரதமர் கேட்டுக்கொண்டதால் அதைக் கைவிட்டதையும் கலாம் அதே நூலில் எழுதினார். எஸ். எம். கானும் கலாமைப் பற்றி நூல் எழுதியுள்ளார். கையெழுத்திட்டது குறித்துக் கலாம் வருந்தியதை அவரும் பின்னாளில் பேசியுள்ளார்.

பதவியில் இருந்த காலத்தில் இவை செய்திக்குறிப்பாக வரவில்லை. மரபை ஒட்டிப் பார்த்தால் இது சரியே. ஆனால் அம்மரபுக்கு விலை உண்டு. அதிகாரபூர்வமான குரல் மௌனமாக இருக்கும் ஆண்டுகளில், அவ்விடத்தைக் கட்சிகளின் ஊகங்கள் நிரப்புகின்றன.

பிரதமர் அலுவலகத்துடன் ஒப்பீடு

ஆட்சி அதிகாரம் பிரதமரிடம் இருப்பதால், அமெரிக்க அதிபரின் பேச்சாளரோடு ஒப்பிடத்தக்கவர் இந்தியாவில் பிரதமரின் ஊடக ஆலோசகரே. இங்கு ஆள்மாற்றமும் கட்சி வாதமும் மிகுதி.

எச். ஒய். சாரதா பிரசாத் 1966 முதல் 1978 வரையும், 1980 முதல் 1988 வரையும் பிரதமர்களின் தகவல் ஆலோசகராகப் பணியாற்றினார். முன்னதாக அவர் "யோஜனா" இதழின் ஆசிரியர். தமிழில் "திட்டம்" என்று வெளிவருவது இவ்விதழே. இந்திரா காந்தி 1977-இல் தோற்று மொரார்ஜி தேசாய் பிரதமரான பின்னும் சிறிது காலம் சாரதா பிரசாத் நீடித்தார். நெருக்கடிநிலையை எதிர்த்து வென்ற அரசு, நெருக்கடிநிலைக் காலப் பிரதமரின் ஆலோசகரை உடனே அனுப்பாதது, அவரைப் பதவியின் குரலாக மற்றவர்கள் பார்த்தனர் என்பதைக் காட்டுகிறது.

ராஜீவ் காந்தியின் அலுவலகத்தில் பணியாற்றிய மணிசங்கர் அய்யர் வேறு வழி சென்றார். அயலுறவுப் பணியிலிருந்து 1989-இல் விலகிக் காங்கிரசில் சேர்ந்து, 1991-இல் மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் வென்றார்.

மன்மோகன் சிங்கின் பத்தாண்டுக் காலத்தில் சஞ்சய பாரு (2004-2008), தீபக் சந்து, ஹரிஷ் கரே (2009-2012), பங்கஜ் பச்சௌரி (2012-2014) என நால்வர் இப்பொறுப்பை வகித்தனர். தீபக் சந்து தகவல் பணி அலுவலர். மற்ற மூவரும் இதழாளர்கள். ஒரே பிரதமர், ஒரே கட்சி. இருந்தும் மூன்று மாற்றங்கள்.

சஞ்சய பாரு எழுதிய "தி ஆக்சிடென்டல் பிரைம் மினிஸ்டர்" என்ற நூல் 2014 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது வெளியானது. முடிவெடுக்கும் அதிகாரம் பிரதமரிடம் முழுமையாக இல்லை என்று அது கூறியது. பாரதிய ஜனதா கட்சி அதைத் தன் குற்றச்சாட்டுக்குச் சான்றாக எடுத்தாண்டது. உயர்பதவியில் கிடைத்த அணுக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகப் பிரதமர் அலுவலகம் அறிக்கை விட்டது. முன்னாள் பேச்சாளர் சொன்னதை, பதவியில் இருக்கும் பேச்சாளரின் அலுவலகம் மறுத்த அரிய நிகழ்வு இது. நூல் 2019 சனவரியில், அடுத்த மக்களவைத் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன், திரைப்படமாகவும் வந்தது.

அதே 2014-இல் மற்றொரு சிக்கலும் எழுந்தது. தேர்தல் முடிவு மே 16 அன்று வெளியானது. நரேந்திர மோதி மே 26 அன்று பதவியேற்றார். இடைப்பட்ட நாட்களில், பிரதமர் அலுவலகத்தின் டுவிட்டர் கணக்கு பழைய பதிவுகளுடன் காப்பகக் கணக்காகப் பெயர் மாற்றப்பட்டது. 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த கணக்கு அது. பின்தொடர்வோர் மன்மோகன் சிங்கை அல்ல, பிரதமர் பதவியைப் பின்தொடர்ந்தவர்கள், எனவே அது நாட்டின் சொத்து என்று பாரதிய ஜனதா கட்சி கண்டித்தது. முடிவில் கணக்கு புதிய அரசிடம் வந்தது. பழைய பதிவுகள் தனிக் காப்பகமாயின. பதவியின் குரலும் ஆளின் குரலும் எங்கே பிரிகின்றன என்ற கேள்வி, ஒரு கணக்கின் பெயரில் வந்து நின்ற நிகழ்வு இது.

நரேந்திர மோதியின் அலுவலகத்தில் ஊடக ஆலோசகர் நியமிக்கப்படவில்லை. குஜராத்திலிருந்து உடன் வந்த ஜெகதீஷ் தக்கர் 2018 திசம்பரில் மறையும்வரை மக்கள் தொடர்பு அலுவலராக இருந்தார். பேச்சாளர் இல்லாவிட்டால் பேச்சாளரைப் பற்றிய சண்டையும் இல்லை. ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் இல்லை என்ற குறை அதற்கு ஈடாக வருகிறது.

தமிழ்நாட்டில்

மாநில அளவில் ஆளுநர், குடியரசுத் தலைவரைப் போன்ற அரசமைப்புப் பதவியாளர். ஆனால் அண்மைக் காலத்தில் ஆளுநர் மாளிகைச் செய்திக்குறிப்புகள் மௌனத்துக்கு மாறான வழியில் சென்றன. 2023 சனவரி 4 அன்று ஆளுநர் ஆர். என். ரவி "தமிழகம்" என்ற சொல் பற்றிப் பேசியது சர்ச்சையானது. சனவரி 18 அன்று ஆளுநர் மாளிகை விளக்க அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு சூன் 29 மாலை, அமைச்சர் வி. செந்தில் பாலாஜி அமைச்சரவையிலிருந்து நீக்கப்படுவதாக ஆளுநர் மாளிகைச் செய்திக்குறிப்பு அறிவித்தது. சட்டக் கருத்துக் கேட்கும்வரை அம்முடிவு நிறுத்தி வைக்கப்படுவதாக அன்றிரவே முதலமைச்சருக்குத் தெரிவிக்கப்பட்டது. முதலில் செய்திக்குறிப்பும் பின்னர் ஆலோசனையும் என்ற வரிசையே அன்று பெரிதும் விமர்சிக்கப்பட்டது.

மாநில அரசு 2025 சூலையில் நான்கு மூத்த இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களை அரசின் அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளர்களாக நியமித்தது. ஜெ. இராதாகிருஷ்ணன், ககன்தீப் சிங் பேடி, தீரஜ் குமார், பெ. அமுதா ஆகியோர் அவர்கள். துறைவாரியாகச் சரியான தகவல் விரைந்து சேர வேண்டும் என்பது அரசின் காரணம். சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் வேளையில், அலுவலர்கள் ஆளும் கட்சியின் பேச்சாளர்களாகிவிடக் கூடாது என்பது எதிர்க்கட்சியின் வாதம். அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள், 1968, அலுவலர்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. "இத்திட்டத்தில் இத்தனை பேர் பயன்பெற்றனர்" என்பது தகவல். "முந்தைய ஆட்சி எதுவும் செய்யவில்லை" என்பது கட்சிப் பேச்சு. இவ்விரண்டுக்கும் இடையில் கோடு எங்கே என்பதுதான் அவ்வாதத்தின் உட்பொருள்.

மாவட்ட அளவில் இதே பணியைச் செய்பவர் மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். மக்கள் பேச்சு வழக்கில் இவரை "பி.ஆர்.ஓ." என்பர். மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்த இவர், மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்தில் இருந்து பணியாற்றுகிறார். 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில் இவரது பணியின் இருபக்கங்களையும் தெளிவாகக் காணலாம்.

குற்றாலத்தில் சூன் முதல் ஆகத்து வரையான சாரல் காலத்தில், தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வருகின்றனர். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழும்போது குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து, 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அதன்பின் அருவிகளில் குளிக்கத் தடை விதிக்கப்பட்டது. மாவட்ட நிர்வாகத்தின் பெயரில் வரும் "ஐந்தருவியில் குளிக்கத் தடை" என்ற ஒற்றை வரியை எந்தக் கட்சிக்காரரும் ஐயப்படுவதில்லை. ஆட்சி மாறினாலும் அவ்வரி மாறாது.

அதே அலுவலகத்திலிருந்துதான் சாரல் விழாவுக்கு அமைச்சர் வந்த செய்தியும், திட்டப் பயனாளிகள் நன்றி கூறும் செய்தியும், படங்களும் வருகின்றன. இவை ஆட்சிக்கு ஆட்சி மாறுபவை. முதல் வகைச் செய்தியால் கிடைக்கும் நம்பிக்கை இரண்டாம் வகையால் குறையாமல் காப்பதே மாவட்டம் முதல் தில்லி வரை இப்பணியில் உள்ள சவால்.

இலங்கையில்

இலங்கையில் 1978 முதல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறை உள்ளது. அங்கு ஜனாதிபதி ஊடகப் பிரிவு ஜனாதிபதியின் செய்திகளை வெளியிடுகிறது. அரசின் முடிவுகளை விளக்கிச் செய்தியாளர் கேள்விகளுக்கு விடையளிப்பவர் அமைச்சரவைப் பேச்சாளர். அவர் ஓர் அமைச்சராகவே இருப்பார். 2024-இல் புதிய அரசு அமைந்தபோது விஜித ஹேரத்தும், நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பின் நளிந்த ஜயதிஸ்ஸவும் இப்பொறுப்பை ஏற்றனர். பேசுபவர் கட்சிக்காரர் என்பது இம்முறையில் வெளிப்படை. எனவே நடுநிலை பற்றிய மயக்கம் குறைவு.

அமெரிக்காவில்

அமெரிக்க அதிபரின் பத்திரிகைச் செயலாளர் அதிபரால் நேரடியாக நியமிக்கப்படுபவர். அதிபர் மாறினால் அவரும் மாறுவார். இங்குப் பேச்சாளர் ஆளின் குரல் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் அவர் பொய் சொல்லக் கூடாது என்ற எதிர்பார்ப்பு உண்டு.

ரிச்சர்ட் நிக்சனின் பத்திரிகைச் செயலாளர் ரான் சீக்லர், வாட்டர்கேட் பற்றித் தாம் முன்பு சொன்னவை இனிச் செல்லாதவை என்று 1973 ஏப்ரலில் அறிவிக்க நேர்ந்தது. அடுத்த அதிபர் ஜெரால்டு போர்டின் பத்திரிகைச் செயலாளர் ஜெரால்டு டெர்ஹார்ஸ்ட் ஒரு மாதம் மட்டுமே பதவியில் இருந்தார். நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கும் எண்ணம் இல்லை என்று அவர் செய்தியாளர்களிடம் கூறியிருந்தார். 1974 செப்டம்பர் 8 அன்று போர்டு மன்னிப்பு வழங்கியதும் பதவி விலகினார். மன்னிப்பைத் தம்மால் மனச்சான்றோடு ஆதரித்துப் பேச இயலாது என்பது அவர் காட்டிய காரணம்.

டோனால்டு டிரம்பின் முதல் நான்காண்டில் சான் இசுபைசர், சாரா சாண்டர்சு, இசுடெபனி கிரிசாம், கேலி மெக்கனனி என நால்வர் இப்பதவியில் இருந்தனர். 2017 சனவரியில் பதவியேற்பு விழாக் கூட்டத்தின் அளவு பற்றி இசுபைசர் கூறியது முதல் நாளிலேயே சர்ச்சையானது. ஆறு மாதத்தில் விலகினார். அப்போது தகவல் தொடர்பு இயக்குநராக அறிவிக்கப்பட்ட அந்தோணி இசுகாராமுச்சி பத்தே நாட்களில் நீக்கப்பட்டார். கிரிசாம் தம் காலத்தில் ஒரு முறைகூடச் செய்தியாளர் கூட்டம் நடத்தவில்லை. ஜோ பைடன் காலத்தில் ஜென் சாகியும் கரீன் ஜீன்-பியரும் இருந்தனர். 2025 சனவரியில், தம் 27-ஆம் வயதில், கரோலின் லெவிட் பொறுப்பேற்றார். அவர்தான் இப்பதவிக்கு வந்தவர்களில் வயதில் இளையவர்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் வாதங்கள் ஒரே வடிவில் வருகின்றன. தம் கட்சிப் பேச்சாளர் துணிச்சலானவர், எதிர்க்கட்சிப் பேச்சாளர் பொய்யர் என்று இரு தரப்பாரும் சொல்வர். நான்காண்டில் தரப்புகள் இடம் மாறும். வாதங்கள் அப்படியே இருக்கும்.

மதிப்பிடும் முறை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, ஓர் அரசுப் பேச்சாளரைக் கட்சிச் சார்பின்றி மதிப்பிட உதவும் சில அளவுகோல்களைத் தொகுக்கலாம்.

1. செய்தி யார் பெயரில் வந்தது? செய்திக்குறிப்புக்குப் பொறுப்பாளி உண்டு. கசிந்த கடிதத்துக்கும், "வட்டாரங்கள் தெரிவித்தன" என்ற செய்திக்கும் பொறுப்பாளி இல்லை. 1987-இன் குழப்பம் இதனால் வந்தது.

2. தகவலா, பாராட்டா, தாக்குதலா? எண்ணிக்கை, நாள், ஆணை ஆகியவை சரிபார்க்கத்தக்கவை. மற்றவை கட்சிமேடைக்கு உரியவை.

3. தவறினால் திருத்தம் வந்ததா? முன்பு சொன்ன அதே வழியில், அதே அளவில் திருத்துபவர் நம்பத்தக்கவர்.

4. எப்போது சொன்னார்? பதவியில் இருக்கும்போது சொன்னதும், விலகியபின் நூலில் எழுதியதும் ஒன்றல்ல. பின்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் அது வெளிவந்த காலத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

5. ஆட்சி மாறியபின் அவர் விட்டுச்சென்றது என்ன? கோப்புகள், பதிவுகள், கணக்குகள் அடுத்தவருக்கு ஒழுங்காகக் கைமாறினவா என்பது, அவர் பதவிக்கு உழைத்தாரா, ஆளுக்கு உழைத்தாரா என்பதைக் காட்டும்.

இந்த அளவுகோல்களை ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றி இரு தரப்புக்கும் ஒரே மாதிரியாகப் பயன்படுத்த வேண்டும். சாரதா பிரசாத்துக்கும், கானுக்கும், டெர்ஹார்ஸ்டுக்கும் அரசியல் சூழலில் பொதுவானது எதுவும் இல்லை. சொல்ல இயலாததைச் சொல்லாமல் விட்டதும், சொன்னது பொய்த்தபோது பதவியைவிடச் சொல்லைப் பெரிதாகக் கருதியதும் அவர்களைப் பற்றிய குறிப்புகளில் கட்சி கடந்து இடம்பெறுகின்றன.